வைபர் நிப்பாட்டின கிழமை

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகும் பிரான்சிஸ்கா அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காது ஐஸ் அறைக்குப் பின்னால் கேட்ட சிரிப்பிலேயே இருந்தது.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து ஐந்து நாளாகியிருந்தது. வைபர், வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. கட்டாரில் இருக்கும் கணவன் றெனால்டின் முகத்தை அன்றிலிருந்து அவள் பார்க்கவில்லை. சிரித்தவள் ஸுஹறா. புத்தளம் முகாமிலிருந்து முசலிக்கு மீள்குடியேறி, மன்னார் நண்டுக் கம்பனியில் அவளுக்கு எதிரே இருந்து வேலை செய்பவள். அவளுடைய கணவனும் கட்டாரில்தான். அவன் மட்டும் தினமும் வீடியோவில் வருகிறான்.

"குண்டு வைச்சவன் செத்துப்போனான். வைபரை நிப்பாட்டி ஆரைப் பிடிக்கப் போறாங்கள்?" என்றாள் பக்கத்திலிருந்த றெபேக்கா.

"கண்ட கதையும் பரவி அடிபாடு வரக்கூடாதெண்டுதான்," என்றார் சுப்பவைசர் டொமினிக்.

"குடிதண்ணியில நஞ்சாம் எண்டு காலமை வான் றைவர் சொன்னவர். அவர் என்ன வைபரிலயோ சொன்னவர்?" என்று றெபேக்கா திருப்பிக் கேட்டாள்.

ஸுஹறா முகம் மலர்ந்து திரும்பி வந்தாள். குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, விபிஎன் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போட்டா தடையிலயும் வைபர் வேலை செய்யும். தம்பி போட்டுத் தந்தவன். உங்கட போனுக்கும் போட்டுத் தரட்டோ?"

'ஓம்' என்ற சொல் பிரான்சிஸ்காவின் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தின் மலர்ச்சியை அவளால் பொறுக்க முடியவில்லை.

"எனக்கு வேண்டாம்."

பின்னேரம் மேசை கழுவும்போது டொமினிக்கிடம் சொன்னாள்: "எங்களுக்கு வேலை செய்யாத போன் அவவுக்கு மட்டும் எப்பிடி வேலை செய்யுது? கேட்டுப் பாருங்கோ."

ஸுஹறாவுக்கு ஏச்சு விழட்டும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் சீருடைக்காரர் இருவர் வந்தார்கள். ஸுஹறாவின் போனில் அரபு எழுத்தைக் கண்டதும் ஒருவர் மற்றவருக்குக் காட்டினார்.

"அது துஆ, சேர். உம்மாவுக்குச் சுகமில்லை, அதுக்கு ஓதுறது."

அவள் சொன்ன தமிழ், சிங்களம் மட்டும் தெரிந்த அவர்களுக்கு விளங்கவில்லை. கையுறையும் ஏப்ரனுமாக அவளை ஜீப்புக்கு நடத்தினார்கள்.

"பிரான்சிஸ்கா அக்கா, நீங்களாவது சொல்லுங்கோவன்! நான் அவரோடதானே கதைச்சனான்!"

பிரான்சிஸ்கா குனிந்தபடி ஒரு நண்டுக் காலை உடைத்தாள்.

இரண்டாம் நாள் ஸுஹறாவை விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. கம்பனி அவளை இனி வரவேண்டாம் என்றது. அவளுடைய பங்கு நண்டும் பிரான்சிஸ்காவின் முன்னால் வந்து விழுந்தது.

அடுத்த கிழமை தடை நீங்கியது. கம்பனி அன்றே புதுச் சட்டம் போட்டது: போன்களை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகவேண்டும், வேலை முடிந்துதான் எடுக்கலாம்.

பன்னிரண்டரைக்கு, கட்டாரிலிருந்து அழைப்பு வரும் சாப்பாட்டு நேரத்தில், வாசலிலிருந்த பிளாஸ்டிக் பேசினுக்குள் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து அடித்தன. பிரான்சிஸ்கா சோற்றுப் பார்சலோடு எழுந்து நின்றாள். வாசல்காரன் ஒரு சாக்கை நாலாக மடித்து, பேசினின் மேல் போட்டு அமத்தினான்.