டென்னி ஃபுஸ்கோவுக்கு ஈடாக என்ன கேட்டார்கள்

அரிசோனா பாலைவனத்துச் சான் ராமிரோ நகரில் தன் வீட்டில் படுக்கப்போன இடக்கைப் பந்துவீச்சாளர் ரமோன் கினோனெஸ், நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலை, ஈரி ஏரிக்கரையில் இருக்கும் போர்ட் ஹாலண்டில், முன்பின் பார்த்திராத ஒரு கட்டிலில் கண்விழித்தார். பக்கத்தில் அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுடைய மீன்தொட்டிகூட ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் சன்னலோரம் வந்து உட்கார்ந்திருந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டில் குடியிருந்த டெரன்ஸ் ஓக்லி என்ற ஆட்டக்காரர் அதே நேரத்தில் சான் ராமிரோவில் எழுந்து, வழக்கம்போல் கம்பளிச் சட்டையும் பூட்ஸும் மாட்டி, பனி வாரக் கதவைத் திறந்து, ஆளுயரக் கள்ளிச்செடி ஒன்றைப் பார்த்தபடி நின்றார். போர்ட் ஹாலண்டின் பேஸ்பால் அணிக்குப் படகோட்டிகள் என்றும், சான் ராமிரோ அணிக்குக் கள்ளிக்குருவிகள் என்றும் பெயர். இரண்டு அணி அலுவலகங்களும் இரண்டு நாள் திகைத்துவிட்டு, இருவரையும் தாங்களேதான் மாற்றிக்கொண்டதாக அறிக்கை விட்டன. ஊருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. பேஸ்பாலில் ஆள்மாற்றம் எப்போதுமே ஏறக்குறைய இப்படித்தான். ஓர் ஊரில் வீடு வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, அண்டை வீட்டாரின் பெயர் மனதில் பதிவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும், வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்த முறை அந்த அழைப்பு மட்டும் வரவில்லை.

அதற்கு முந்தின நாள் காலை எட்டு நாற்பதுக்கு இதே மாற்றத்தை வானொலியில் சொன்னவள் வெர்னா ஸ்டான்சாக். ஐம்பத்தேழு வயது. நகராட்சியின் பனி வாரும் வண்டியை இருபத்து நான்கு வருடமாக ஓட்டுகிறாள். அக்டோபரில் கடைசிப் பந்து விழுந்ததிலிருந்து பிப்ரவரியில் பயிற்சி தொடங்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அந்த வருடம் படகோட்டிகள் தொண்ணூற்றெட்டு ஆட்டங்களில் தோற்றிருந்ததால் நிலைமை இன்னும் மோசம். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை எடுத்து மிளகுக் குப்பி இருந்த இடத்தில் வைப்பாள், கடுகுப் புட்டியை வெளியே தள்ளுவாள், தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே இழுப்பாள். ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் லியோ, தனக்கு வேண்டிய புட்டி எந்த அணியில் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தான். காலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கஸ் பப்பாஸ் நடத்தும் விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, யாரைக் கொடுத்து யாரை வாங்க வேண்டும் என்று சொன்னால்தான் அவளுக்கு அன்றைய வேலைக் ஓடும்.

டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டாவது மாற்றமும் அப்படியே நடந்தது. சான் ராமிரோவின் வயதான பந்துவீச்சாளர் ஒருவர் வந்தார், இங்கிருந்து இரண்டு இளம் ஆட்டக்காரர்கள் போனார்கள். அதன்பிறகு எட்டு நாற்பதுக்கு ஊரே வானொலியைத் திருகியது. முடிதிருத்தகங்களிலும் பேக்கரிகளிலும் வேலை நின்றது. சிக்னலில் நின்ற அவள் வண்டியின் படியில் ஏறி, தங்களுக்குப் பிடிக்காத ஆட்டக்காரரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. உண்மையில் அவள் சொன்ன நாற்பது யோசனைகளில் பலித்தவை இரண்டே. ஏன் அந்த இரண்டு என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் அதிகமாகச் சொன்னாள்.

சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. படகோட்டிகளின் கேட்சர் டென்னி ஃபுஸ்கோ அந்த ஊரிலேயே பிறந்தவன். பன்னிரண்டு வருடமாக அணியில் இருக்கிறான். பந்துவீச்சாளர் வீசும் பந்தைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடித்துப் பிடித்து அவன் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவனைக் கொடுத்து இரண்டு இளம் பந்துவீச்சாளர்களை வாங்குவதுதான் புத்தி என்று வெர்னாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆனால் டென்னியின் தாய் ரோஸலி அவளுக்கு எதிர்வீடு. முப்பது வருடப் பழக்கம். டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை, கஸ் சும்மா இருக்காமல் கிளறினான்.

"டென்னியைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறீங்க வெர்னா. எதிர்வீட்டுப் பாசமா?"

வெர்னாவுக்குக் காது சிவந்தது. அவள் சொல்லிவிட்டாள். பெயர், வயது, முட்டி, பதிலுக்கு வாங்க வேண்டிய இரண்டு பையன்கள் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அதுதான் பிறகு அவளை உறுத்தியது.

மறுநாள் டென்னியின் வீட்டுச் சமையலறையில் இருபத்திரண்டு வயதுடைய இரண்டு நெட்டைப் பையன்கள் உள்ளாடையோடு நின்றார்கள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'ஞாயிறு ஒரு மணி, அம்மா வீடு' என்று எழுதி முகவரியும் இருந்தது. பசித்த பையன்கள், டென்னியின் கோட்டுகளை மாட்டிக்கொண்டு, பனியில் வழி கேட்டுக் கேட்டு, சரியாக ஒரு மணிக்கு ரோஸலியின் கதவைத் தட்டினார்கள். ரோஸலி அவர்களைப் பார்த்தாள், அவர்கள் போட்டிருந்த கோட்டுகளைப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மகனுக்கு வைத்திருந்த பாஸ்தாவை இரண்டு தட்டில் பரிமாறினாள். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெருவைக் கடந்து வெர்னா வீட்டுக்கு வந்தாள்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலை" என்றாள், வாசலில் நின்றபடியே. "அவன் முட்டி போச்சுன்னு எனக்குத் தெரியாதா? என் அடுப்படியில வந்து உக்காந்து சொல்லியிருந்தா, நானும் சேந்து அழுதுட்டு விட்டுருப்பேன். நீ ஊருக்குச் சொல்லிட்ட, எனக்குச் சொல்லலை."

அதன்பிறகு அவள் வெர்னாவோடு பேசவில்லை. வெர்னா தெருவில் வண்டி ஓட்டும்போது ரோஸலி வீட்டு வாசலில் பனி மேடு விழாதபடி பிளேடைத் திருப்பி ஓட்டினாள். வேலை முடிந்து வந்து நடைபாதையையும் தானே வாரிவிட்டாள். அறுபத்தாறு வயது ரோஸலி ஒரு மண்வாரியோடு வெளியே வந்து, வாரிய பனியையெல்லாம் நிதானமாகத் திரும்பக் கொண்டுவந்து நடைபாதையில் கொட்டினாள். இது எட்டு நாள் நடந்தது. லியோ சன்னல் வழியே பார்த்துவிட்டு, ரோஸலி கொட்டும் பனி முன்னைவிட உயரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

டென்னி ஒருநாள் வெர்னாவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ தாயின் நடைபாதையை யார் வாருகிறார்கள் என்று விசாரித்தான், பையன்கள் சாப்பிடுகிறார்களா என்று கேட்டான்.

"இங்க வெயில் நல்லா காயுது மிஸஸ் ஸ்டான்சாக். காலையில படியில பக்கவாட்டா இல்லாம நேரா இறங்குறேன், எத்தனை வருஷமாச்சு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் இங்க சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சுப்பாங்க."

"இருக்கியா?"

"முட்டி இருக்கு" என்றான் டென்னி.

மகனைத் திரும்பக் கொண்டுவந்தால் அவனுக்கு வலி, வராவிட்டால் தாய்க்கு வலி. வெர்னா தினமும் எட்டு நாற்பதுக்கு டென்னியைத் திரும்ப வாங்கும் யோசனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கினோனெஸைக் கொடுத்தாள், பாதி அணியைக் கொடுத்தாள். மறுநாள் காலையில் எல்லோரும் அவரவர் கட்டிலிலேயே எழுந்தார்கள்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மதியம் வெர்னாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு ஆண் குரல்.

"நீங்கதான் அந்தப் பனி வண்டிக்காரம்மாவா?"

"ஆமா. யாரு?"

"ஹொரஸ் டில்லரி. சான் ராமிரோல முடி வெட்டுறேன். உங்க ரேடியோவை இங்க இன்டர்நெட்ல கேப்பேன். நடந்துச்சே மூணு டிரேடு, அந்த மூணையும் அதே காலையில கடையில நானும் சொன்னேன். நீங்க எட்டு நாப்பதுக்குச் சொல்றீங்க, இங்க ஆறு நாப்பது, நான் கடை திறந்து முதல் தலைக்குத் துண்டு போர்த்துற நேரம். பேச்சுவாக்குல ஒண்ணா விழுந்திருக்கு."

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது உடனே புரிந்தது. ஆள்மாற்றத்துக்கு இரண்டு பக்கச் சம்மதம் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அது வெறும் ஆசை. இத்தனை வருடமாக வெறும் ஆசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போது புரிந்தது. டென்னி வேண்டும் என்று கேட்டாள். ஹொரஸ் தயங்கினான். டென்னி நல்ல ஆள், தங்கள் பந்துவீச்சாளர்கள் அவன் சொல்வதைக் கேட்கிறார்கள், அவனைக் கொடுக்க மனமில்லை என்றான். அவள் பெயர் பெயராக அடுக்கினாள். அவன் ஒவ்வொன்றையும் மறுத்தான். கிறிஸ்துமஸ் கழிந்து நான்காம் நாள்வரை பேரம் நீடித்தது. தினமும் மதியம் அவன்தான் கூப்பிட்டான். ஆள் வேண்டாம் என்பவன் ஏன் விடாமல் கூப்பிடுகிறான் என்று ஒருநாள் வெர்னா நேராகவே கேட்டுவிட்டாள்.

"எங்க ஊர்ல ஜனவரியிலயும் வெயில்தான்" என்றான் ஹொரஸ். "சீசன் முடிஞ்சா எல்லாரும் கோல்ஃப் ஆடப் போயிடுறானுங்க. முடி வெட்ட வர்றவன்கிட்ட அணியைப் பத்திப் பேச்செடுத்தா சன்னல் வழியா வெளிய பாக்குறான். முப்பது வருஷமா நான் தனியாப் பேசிக்கிட்டிருக்கேன். ரேடியோவுல உங்க ஊரைக் கேக்குறேன், மொத்த சனமும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து சண்டை போடுது. எனக்கு அது வேணும்."

"எது?"

"பனி."

வெர்னா யோசித்தாள். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டாள். பனிக்கு ஒப்பந்தக் காலம் கிடையாது, கொடுத்தால் கொடுத்ததுதான் என்றான் அவன். அப்படியானால் உங்கள் வெயில் எங்கே போகும் என்று கேட்டாள். வேறெங்கே போகும், உங்களிடம்தான் வரும் என்றான். டென்னி படியில் நேராக இறங்கியதை வெர்னா நினைத்துக்கொண்டாள். பையன்கள் இருவரும் இங்கேயே இருக்கட்டும் என்று சேர்த்துக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இன்னும் ரோஸலி வீட்டுக்குத்தான் போய்வந்தார்கள். ஹொரஸ் ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலம் லியோவிடம் சொன்னாள். சாலைக்குப் போடும் உப்பை வெட்டித்தான் அவன் சுரங்கம் பிழைக்கிறது. லியோ முட்டைக்கோஸ் சுருளை நறுக்கியபடி, "அங்க அனுப்புவோம். உப்புக்கு ஊர் தெரியுமா என்ன?" என்றான்.

டிசம்பர் முப்பதாம் தேதி எட்டு நாற்பதுக்கு அவள் அதை வானொலியில் சொன்னாள், அதே நேரத்தில் ஹொரஸ் தன் கடையில் சொன்னான். டென்னி ஃபுஸ்கோவும் சான் ராமிரோவின் வெயிலும் இங்கே, போர்ட் ஹாலண்டின் பனிக்காலம் அங்கே. இது அணிக்கு லாபமா என்று கஸ் பப்பாஸ் கேட்டான். அணிக்கு லாபமா என்று தனக்குத் தெரியாது என்றாள் வெர்னா.

மறுநாள் காலை போர்ட் ஹாலண்டில் எழுபத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட், இதமான வெயில். கூரைகளிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஏரியில் பனிக்கட்டிமேல் கூடாரம் அடித்து மீன்பிடித்தவர்கள் முழங்கால் நீரில் நடந்து கரையேறி, அலுத்துக்கொண்டு, படகு வாங்கப் போனார்கள். சறுக்குப் பலகை வாங்கி வைத்திருந்த குழந்தைகள் ஒரு வாரம் அழுதார்கள். பிப்ரவரியில் தக்காளி காய்த்ததும் பெரியவர்கள் குறைசொல்வதை நிறுத்தினார்கள். டென்னி திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அரைக்கால் சட்டையோடு தெருவில் நடந்து, தாயின் வீட்டுப் படியில் நேராக ஏறினான். ரோஸலி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, வெர்னாவின் சன்னலை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"உள்ள ஒளிஞ்சுக்கிட்டு என்ன பண்ற? வா. அஞ்சு தட்டு வச்சிருக்கேன், ஆறுது."

அந்த வருடம் டென்னி நூற்று முப்பத்தொரு ஆட்டங்களில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மட்டையால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பையன்களில் ஒருவன் பதினொரு ஆட்டங்கள் வென்றான், இன்னொருவனுக்குத் தோள் பிசகியது. படகோட்டிகள் எண்பத்தாறு ஆட்டங்களில் தோற்றார்கள், ஊர் அதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டது. நகராட்சி பனி வண்டிகளை சான் ராமிரோவுக்கு விற்றுவிட்டு, வெர்னாவைப் பூங்காக்களில் புல்வெட்டும் வண்டிக்கு மாற்றியது. அக்டோபர் முடிந்ததும் அவளுக்கு வழக்கம்போல் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. ஆனால் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன, ஜனங்கள் கரையோரம் திரிந்தார்கள். கஸ் பப்பாஸின் நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிடுவது நின்றுபோனதால், அதே நேரத்தில் ரோஜாவுக்கு உரம் போடுவது எப்படி என்று ஒருவர் பேசினார். வெர்னா மூன்று வாரம் பொறுத்தாள். உப்புக் குப்பியும் மிளகுக் குப்பியும் மேசையைவிட்டு வெளியேறிச் சன்னல் திட்டுக்குப் போயின. லியோ அங்கே போய் எடுத்துக்கொண்டான்.

டிசம்பரில் ஒரு காலை, பூங்கா நடுவே புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோதே, ஹொரஸின் கடைக்குத் தொலைபேசி போட்டாள். அங்கே மூன்றடிப் பனி. கள்ளிச்செடிகளை வண்டி இடிக்காமலிருக்கச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்களாம். ஹொரஸ் ஒலியைக் கூட்டி தொலைபேசியைக் கண்ணாடி முன்னால் வைத்தான். பூட்ஸைத் தட்டும் சத்தமும், பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் இரைவதும் கேட்டன. கள்ளிக்குருவிகளின் நடுக்கள ஆட்டக்காரனை விற்பதா வைத்துக்கொள்வதா என்று சண்டை. வெர்னா குறுக்கே புகுந்து, விற்றுவிடுங்கள் என்றாள், யாருக்கு, எதற்கு என்பதையும் சொன்னாள். கடையில் இருந்த ஒரு கிழவர் இருமிக்கொண்டே, "எங்க அணியைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார்.

அவருக்குக் கேட்கும்படி பதில் சொல்வதற்காக வெர்னா புல்வெட்டும் வண்டியின் எஞ்சினை அணைத்தாள்.