அக்கா மூலை

சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணைகளை அண்டக் கொடுத்து அக்கா. கட்டிலின் கால்மாட்டில் ஒரு காலை மடித்துப் போட்டபடி அவருடைய தம்பி. முடிதிருத்தும் கடையைப் பாதி நாளோடு மூடிவிட்டு வந்திருந்தார். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தையல்காரர். துணி அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தவர் பேருந்து ஓட்டும் பெண்மணி. மைதானத்தில் அவர் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் வைத்த பெயர் ஹாரன். மேசை என்று அந்த வீட்டில் இருந்தது இஸ்திரிப் பலகை ஒன்றுதான். அதன் முன்னால் முக்காலியில், காகிதமும் பேனாவுமாக நான்.

எங்கள் கால்பந்துக் கிளப்பின் நீல கேலரி ரசிகர் குழுவில் நாற்பது பேர் உண்டு. கத்துவதற்கு நாற்பது பேரும் வருவார்கள். கடிதம் எழுத வேண்டும் என்றால் இந்த ஐவர்தான்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இருபது வருஷமாகிறது. கட்டிலில் இருந்தபடியே ஒரு டாக்சி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வேலை. தையல்காரர் அவரைவிட நான்கு வயது மூத்தவர். அவருக்கும் அவர் அக்காதான். குடியிருப்பது ஆறாவது மாடி. ஜன்னலுக்கு நேரே, தெருவுக்கு அப்பால், எங்கள் மைதானம். நீல கேலரி முடிந்து அடுத்த கேலரி தொடங்குவதற்குள் மூலையில் ஒரு வெட்டவெளி உண்டு. அதன் வழியாக அக்காவுக்குப் புல்தரையில் ஒரு சாய்வான துண்டு தெரியும். அருகே மூலைக்கொடி, தள்ளி நடுவட்டத்தில் பாதி, கடைக்கோடியில் எதிர் கோலின் ஒரே ஒரு கம்பம். அவ்வளவுதான். அந்த வெட்டவெளிக்கு நாங்கள் வைத்த பெயர் அக்கா மூலை.

ஆட்டம் நடக்கும்போது வீரர்கள் அந்தத் துண்டுக்குள் வந்து, நான்கு அடி ஓடி, மறைந்துவிடுவார்கள். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். மிச்ச ஓட்டம் மூடிய கண்ணுக்குள் நடக்கும். சத்தம் எழும் திசை, அது எழ எடுத்துக்கொண்ட நேரம், அடங்கிய விதம் இவற்றைக் கொண்டு யார் அடித்தார், எந்தக் காலால் என்பதுவரை சொல்லுவார். நாங்கள் ஆட்டம் முடிந்து மேலே வந்தால், நேரில் பார்த்த எங்களுக்கே அவர்தான் கதை சொல்லுவார். அவர் சொல்லும் ஆட்டம் நாங்கள் பார்த்ததைவிட எப்போதும் கொஞ்சம் அழகாகவே இருக்கும்.

தம்பி ஒருமுறை கைப்பேசியில் ஒளிபரப்பை வைத்துக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார் அக்கா. "பந்து எங்க போனாலும் கேமராவும் நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே ஓடுதுடா. பந்து இல்லாத இடத்துல ஒருத்தன் இடுப்புல கைவச்சு நிப்பான் பாரு, அவனைக் காட்ட மாட்டேங்குது."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதானத்தை விரிவாக்கப் போவதாகவும், ஒன்பதாயிரம் இருக்கை பதினாறாயிரம் ஆகும் என்றும், ரசிகர் குழுக்கள் தங்கள் கருத்தைப் புதன்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் கிளப்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. கூடவே ஒரு வரைபடம். நடுவில் புல்தரை, சுற்றிலும் நான்கு கேலரி. புதிதாகக் கட்டப்போகும் இடங்களுக்கெல்லாம் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். நான்கு மூலைகளில் ஒன்றுக்கும் சாம்பல். ஆனால் அது எங்கள் மூலைக்கு நேர் எதிர் மூலை. அக்கா மூலை வெள்ளையாக, தொடப்படாமல் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தோம்.

எனக்கு நீர் வாரியத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. கடிதத்தை அரைமணியில் முடித்துவிட்டேன். விரிவாக்கத்துக்கு எங்கள் முழுச் சம்மதம், யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் எழுந்து போக மனம் வரவில்லை. ஜன்னல் திரை உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. கீழே மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். அந்தத் துண்டு வெளியில் நீர்த்தூவல் எழுந்து, வெயில் பட்டு நிறம் நிறமாகப் பிரிந்து, கலைந்து, மறுபடி எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வராத மைதானத்துக்குள் ஆளாளுக்குக் குடிபுகுந்தோம்.

"கூரை போடுவாங்கல்ல," என்றார் ஹாரன். "மழைக்காலத்துல உள்ள உட்கார்ந்தா கவுத்துப் போட்ட படகுக்கு அடியில இருக்குற மாதிரி இருக்கும். நான் ஒரு சத்தம் போட்டா சுத்திட்டு எங்கிட்டயே திரும்பி வரும்."

"ஏற்கெனவே உங்க சத்தம் எங்களைவிட்டுப் போறதில்ல," என்றார் தம்பி.

தையல்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு. அது போதும்."

அவருக்கும் அவர் மனைவிக்குமாக இருப்பது ஒரே ஒரு சீசன் டிக்கெட். ஒரு ஆட்டத்துக்கு அவர், அடுத்த ஆட்டத்துக்கு அந்த அம்மா. இரண்டாவது இருக்கைக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷம். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு கோலைப் பார்த்ததில்லை. "அவ பாக்குற கோலை நான் மறுநாள் காலையில பார்க்கிறேன், தோசைக்கல்லு முன்னாடி," என்பார். அப்போதும் அதையே சொன்னார். சிரித்தோம்.

"அந்தப் படத்தை இங்க குடு," என்றார் அக்கா. "என் ஜன்னல் இதுல எங்க இருக்கு?"

எங்களில் ஒருவரும் அதுவரை தேடாத ஒன்று அது. நாங்கள் எல்லோரும் எங்கள் கேலரியைத்தான் தேடியிருந்தோம். தம்பி வெள்ளை மூலைக்கு வெளியே விரலை வைத்தார். அங்கே கட்டடமே இல்லை. கட்டம் கட்டமாக ஏதோ வரைந்திருந்தது.

"இது வண்டி நிறுத்துற இடம்டா," என்றார் அக்கா. "தினம் அம்பது டாக்சி அனுப்புறேன், எனக்குத் தெரியாதா? வண்டி நிறுத்துற இடம் நம்ம பக்கமா இருக்கு?"

அவருடைய விரல் தாளின் மேல் மெல்ல ஊர்ந்தது. புல்தரையைக் குறுக்காகக் கடந்து எதிர் மூலைக்குப் போனது. அங்கே தெருவுக்கு அப்பால், ஓரத்தில் மடங்கிய கட்டடம் ஒன்று சின்னதாக வரைந்திருந்தது. மாடிப்படி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கட்டடம். நாங்கள் அப்போது உட்கார்ந்திருந்த கட்டடம். அதற்கு நேர் எதிரே, சாம்பல் நிறம்.

நடந்தது இதுதான். வரைபடத்தில் கேலரிகளின் பெயரில்லை. மைதானத்தில் எங்கள் கேலரி எப்போதும் எங்கள் காலடியில் இருக்கும்; புல்தரை எதிரே விரிந்திருக்கும். ஆகவே தாளிலும் அடியில் இருந்த கேலரியை எங்களுடையது என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் எங்களுடையது மேலே இருந்தது. ஓரத்தில் வடக்கு காட்டும் அம்பு ஒன்று சாதுவாக நின்றுகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்பார்களே, எங்களுக்கு மைதானத்தின் தலையும் காலும் புரியவில்லை.

"பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறீங்க," என்று ஹாரன் மேல் பாய்ந்தார் தம்பி, "வடக்கு எதுன்னு தெரியல?"

"என் பஸ்ஸு வடக்கயும் போகாது தெக்கயும் போகாது தம்பி. டெப்போவுக்குப் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி எழுந்து, கையெழுத்திட்ட கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "விரிவாக்கமே வேண்டாம்னு எழுதுங்க சார். ஒன்பதாயிரம் பேர் போதும். நமக்கு என்ன குறை இப்ப?"

தையல்காரர் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்தார்.

"அவரு வாயில என்ன இருக்குன்னு கேளுடா முதல்ல," என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. கிழிச்சது சரிதான்."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு அந்த ரெண்டாவது சீட்டு வேணும். எனக்கு இந்த ஜன்னல் வேணும். நான் பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுப்பேன்னு மட்டும் யாரும் நினைக்காதீங்க. முடியாது. இருபது வருஷமா முக்கால் மைதானத்தை நான்தான் இங்க உட்கார்ந்து கட்டிக்கிட்டிருக்கேன். இந்தத் துண்டு போயிடுச்சுன்னா எதை வச்சு மிச்சத்தைக் கட்டுறது?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே தண்ணீர் தெளிப்பது நின்றிருந்தது. நனைந்த புல் அந்த இடைவெளியில் மட்டும், வேறெங்கும் இல்லாத ஒரு பச்சையில், யாரோ விரித்துவிட்டு மறந்துபோன துணி மாதிரி கிடந்தது.

அதைத் தையல்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சொன்னார்: "சட்டை சின்னதாப் போச்சுன்னா பக்கத்துல பிரிச்சு விடுவோம். கையைப் பிரிப்போம். யாராவது கழுத்தை அடைப்பாங்களா? தலை எப்படி நுழையும்?"

"என்னண்ணே சொல்றீங்க?" என்றார் தம்பி.

"அந்த மூலை கழுத்துடா. கழுத்தை அடைச்சிருக்கான் மடையன். ஆனா கழுத்துன்னா தொப்புள் வரைக்குமா திறந்து விடுவோம்? எதுவரைக்கும் வேணுமோ அதுவரைக்கும். அளவு எடுக்கணும்." சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். "அக்கா, ஆட்டம் பாக்குற மாதிரி சாஞ்சுக்குங்க. எனக்காக நிமிர வேண்டாம். வழக்கமா எப்படியோ அப்படி."

நூலின் ஒரு நுனியை அக்காவின் கண்ணுக்குப் பக்கத்தில் ஹாரன் பிடித்துக்கொண்டார். மறு நுனியைத் தையல்காரர் ஜன்னல் கம்பியில் வைத்து, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினார். வெயிலில் அந்த வெள்ளை நூல் கம்பியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மைதானம்வரை நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. பக்கத்துக் கேலரியின் விளிம்பில் படிவரிசைகள் தெளிவாகத் தெரியும். நூல் எந்த வரிசையைத் தொடுகிறது என்று நான் அக்காவின் தலையணைமேல் கன்னத்தை வைத்து எண்ணினேன். வரைபடத்தின்படி அந்த மூலையில் முப்பத்துநாலு வரிசை வரவேண்டும்.

"இருவது வரிசை வரைக்கும் கட்டலாம்," என்றார் தையல்காரர்.

"இருவதா? நடுவட்டம் போயிடும். பத்து."

"பத்துல என்னக்கா இருக்கு, பத்து! பதினெட்டு."

"பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு வரிசை கிடையாது."

"கத்திரிக்கா வாங்குறீங்களா ரெண்டு பேரும்?" என்றார் ஹாரன். "எனக்குக் கை வலிக்குது."

பதினைந்தில் நூலை நிறுத்தினார் தையல்காரர். அக்கா ஒரு கண்ணை மூடி, நூலின் வழியே வெகுநேரம் பார்த்தார். நடுவட்டம் இருந்தது. தூரத்துக் கம்பம் இருந்தது. அருகே இருந்த மூலைக்கொடி நூலுக்குக் கீழே போய்விட்டது.

"கொடி போயிடும்," என்றார்.

நூல் காற்றில் லேசாக நடுங்கியது.

"கொடி என்ன பண்ணுது, சும்மா நிக்குது," என்றார் அக்கா, தமக்குத் தாமே சொல்வதுபோல. பிறகு, "இல்ல, எனக்கு அந்தக் கொடி பிடிக்கும். காத்து எந்தப் பக்கம்னு அதுதான் சொல்லும்," என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. பதினஞ்சு. எழுதுங்க."

இரண்டாவது கடிதத்துக்கு நேரம் பிடித்தது. எத்தனையோ புகார்க் கடிதங்களைப் படித்தவன் என்பதால் ஒன்று தெரியும்: பத்து கோரிக்கை உள்ள கடிதம் மேசையில் கிடக்கும், ஒரே கோரிக்கை உள்ள கடிதம்தான் அடுத்த அறைக்குப் போகும். விரிவாக்கத்தை வரவேற்கிறோம். வடகிழக்கு மூலையில் பதினைந்தாம் வரிசைக்குமேல் கட்ட வேண்டாம். காரணம், எதிர்க் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் கட்டிலில் இருந்தபடி ஆட்டம் பார்க்கிறார். வாசித்துக் காட்டினேன்.

"கழுத்து எங்க?" என்றார் தையல்காரர்.

"கிளப்காரங்களுக்கு அது புரியாதுங்க."

"புரியாட்டி யாருகிட்டயாவது கேப்பான். கேட்டா மறக்க மாட்டான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. 'இது மைதானத்தின் கழுத்து; அடைக்க வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். வரைபடத்தில் அந்த மூலையைச் சிவப்பு மையால் வளைத்து, பதினைந்து என்று எழுதினேன். இந்தமுறை அம்பைப் பார்த்துவிட்டே எழுதினேன். மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து அம்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உங்க சீட்டு?" என்று தையல்காரரிடம் கேட்டார் அக்கா.

"பத்தொன்பது வரிசை குறையுது. பதினஞ்சு இருக்குல்ல. வந்தா வரட்டும்." கையெழுத்துப் போடும்போது பேனாவைச் சற்று அதிகமாகவே அழுத்தினார், அடுத்த தாளிலும் அது பதிந்தது.

கடைசிக் கையெழுத்து அக்காவுடையது. உறையில் முகவரியையும் அவரே எழுதினார். வண்டி அனுப்பி அனுப்பி எந்தத் தெரு எங்கே முடிகிறது என்பது அவருக்குத்தான் சரியாகத் தெரியும். பசை தடவி, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து, ஓரம் எழும்பாமல் இருக்க நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்திருந்தார். நாங்களும் மனதுக்குள் எண்ணினோம்.

அஞ்சலகம் மூடப் பத்து நிமிஷம் இருந்தது. ஹாரனும் நானும் படியிறங்கி ஓடினோம். பதிவுத் தபால் சாளரத்தில் இருந்த பெண் உறையை எடை போட்டு, தபால் தலை ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை குத்தினார். ரசீதை என்னிடம் நீட்டியபடியே உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார். அது மற்றக் கடிதங்களுக்கு நடுவே சரிந்து கீழே போயிற்று.