பன்னிரண்டாவது ஆணி

இருபத்திரண்டு வருடமாகக் கிண்ணியாவில் காவின் எழுதுகிறேன். நிக்காஹ் நடக்கிற வீட்டில் பெரிய பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மஹர் என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறவன் நான்தான். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. என்ன வேண்டுமென்று கேட்கும் உரிமை பெண்ணுக்கு. கொடுத்த பிறகு அவளைத் தவிர வேறு யாரும் அதில் கைவைக்க ஏலாது. மார்க்கம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க, எங்களூர் ஆட்கள் என்ன செய்வார்கள்? பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல், "நூற்றியொரு ரூபா எண்டு போடுங்க லெப்பை" என்பார்கள். நானும் போடுவேன். புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நூற்றியொன்று. எழுதி எழுதி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

1974இல்தான் முதன்முறையாக அந்த இடத்தில் வேறொன்றை எழுதினேன். அதற்குக் காரணம் இரண்டு பைத்தியங்கள்.

முதலாவது பைத்தியம் எங்களூர் முத்தலிப். வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலை டொக்யார்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவர். இரண்டாவது, வள்ளத்தில் கடக்கிற துறைக்கு அந்தப் பக்கம் திருகோணமலை டவுனில் இருக்கிற அலியார். அதே காலத்தில் சின்ன வள்ளத்தில் வாழைப்பழமும் முட்டையும் ஏற்றிப்போய்க் கப்பல்காரருக்கு விற்றவர். இருவரையும் பிடித்தது ஒரே நோய். யுத்தத்துக்காக வெள்ளைக்கார அரசாங்கம் ஒரே மாதிரியான கைமணிக்கூட்டைப் பன்னிரண்டு கம்பனிகளிடம் சொல்லிச் செய்வித்ததாம். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், விநாடிக்கென்று அடியில் ஒரு குட்டி வட்டம், முகத்திலும் முதுகிலும் ஒரு அம்புக்குறி. பன்னிரண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் நோய். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அதை வாய்விட்டுச் சொன்ன பாவத்துக்கு முத்தலிப் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை.

அலியாரிடம் பதினொன்று இருந்தன. முத்தலிப்பிடம் ஆறுதான். ஆனால் அந்த ஆறில் ஒன்று, அலியாரிடம் இல்லாத அந்தப் பன்னிரண்டாவது கம்பனியின் மணிக்கூடு.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1957இல் வெள்ளைக்கார நேவி மூட்டை கட்டியபோது, ஒரு ஒஃபிசர் அலியாரிடம், "நாளைக் காலை பத்து மணிக்கு ஜெற்றிக்கு வா, இரண்டு குலை வாழைப்பழம் கொண்டுவா, இதைத் தருகிறேன்" என்று சொல்லி, மணிக்கூட்டைக் கழற்றி ஒரு கணம் அவர் கையில் வைத்துப் பார்க்கவும் விட்டிருக்கிறார். மறுநாள் அலியார் கைக்கு இரண்டாக நான்கு மணிக்கூடு கட்டிக்கொண்டு போனார். நான்கும் நான்கு நேரம் காட்டின. இருக்கிறவற்றிலேயே பிந்தியதை நம்பினார் மனிதர். முத்தலிப்பிடம் அன்று ஒரு மணிக்கூடும் இல்லை. விடிய சுபஹுத் தொழுத கையோடு போய் ஜெற்றியில் குந்தியிருந்தார். ஒஃபிசருடைய தகரப் பெட்டியில் அவர் பெயரை வெள்ளைப் பெயின்றால் முத்து முத்தாக எழுதிக் கொடுத்து மணிக்கூட்டை வாங்கிவிட்டார். அலியார் குலைகளோடு வந்து சேர்ந்தபோது ஒஃபிசரை ஏற்றிய லோஞ்ச் போய்விட்டிருந்தது.

அன்றிலிருந்து பதினேழு வருடம் இருவருக்கும் பேச்சில்லை.

முத்தலிப் தன்னுடைய ஆறையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அரிசி நிரப்பி அதில் புதைத்து வைத்திருந்தார். உப்புக்காற்றின் ஈரம் ஏறாதாம். எழுபத்து நான்கில் அரிசிக்கு நாடே அந்தரப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய பெண்சாதி ஆமினா உம்மா வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்வாள்: "ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்னுது. இந்த வீட்டில மணிக்கூடு சோறு தின்னுது."

இந்த நிலைமையில்தான் அலியார் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. அலியாரின் மகன் அன்ஸார் தினமும் துறை கடந்து வந்து கிண்ணியாவில் படிப்பிக்கிற மாஸ்டர். முத்தலிப்பின் மகள் ஸல்ஹாவும் அதே பள்ளிக்கூடத்தில் ரீச்சர். இரண்டு பேருக்கும் இடையில் ஒன்றுமில்லை என்று ஊர் சொன்னது. ஒன்றுமில்லை என்று ஊரே சொன்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். பொடியன் தங்கம். முத்தலிப்பும் மகளின் முகத்துக்காகப் பழைய கோபத்தை விழுங்கிக்கொண்டு அலியாரைக் கதிரையில் இருத்திச் சர்பத் கொடுத்தார். நானும் கூட இருந்தேன்.

"எங்களுக்கு ஒண்டும் வேணாம்" என்றார் அலியார். "மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டுற வழக்கம் ஒண்டு இருக்கே, அது மட்டும் போதும்."

"அதுக்கென்ன, கட்டுவம்" என்றார் முத்தலிப். "ஆனா வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வராத காலம். புதிசு தேடித்தான் எடுக்கோணும்."

"புதிசு என்னத்துக்கு? பழசு போதும்." அலியார் சர்பத்தை ஒரு மிடறு குடித்தார். "அந்தப் பழசு."

முத்தலிப்பின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மகனைக் கொடுத்து மணிக்கூட்டை வாங்க வந்திருக்கிறார் மனிதர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று நாள் முத்தலிப் சோறு தின்னவில்லை. கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் வாயில்லை. நான்காம் நாள் ஆமினா உம்மாதான் வழி சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. மாப்பிள்ளை எங்க வந்து இருக்கப் போறார்? எங்கட வீட்டிலதானே. அவர்ர கையில கட்டின மணிக்கூடும் எங்கட வீட்டுக்குத்தானே வரும். காலையில குடுக்கிறத அந்திக்குப் பாத்துக்கொள்ளலாம்."

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பது. முத்தலிப் இதை யோசிக்கவே இல்லை. உடனே எழுந்து இரண்டு கோப்பை சோறு தின்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நான்தான் கெடுத்தேன். கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாப்பிள்ளை பக்கத்து விபரம் எடுக்க டவுனுக்குப் போனேன். அலியார் என்னை உள்ளே கூட்டிப்போய் ஒரு அலுமாரியைத் திறந்து காட்டினார். உட்பலகையில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணி. பதினொன்றில் மணிக்கூடு தொங்கியது. பன்னிரண்டாவது ஆணி வெறுமையாக இருந்தாலும் துரு ஒரு பொட்டு இல்லை. பதினேழு வருடமாக எண்ணெய் போட்டுத் துடைத்து வருகிறாராம்.

"கல்யாணத்துக்குப் பிறகு இஞ்சதான்" என்றார்.

"அது மாப்பிள்ளைட கையில கிண்ணியாவுக்கெல்லோ போகும்?"

"என்ன லெப்பை நீங்க. சோக்கட்டித் தூளுக்குள்ள நிக்கிற பொடியனுக்கு அது என்னத்துக்கு? அவனுக்கு வேற ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன்." அலுமாரியின் லாச்சியை இழுத்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பெட்டிக்கடையில் தொங்குகிற சாதி. ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது.

எனக்கு வாயில் பூட்டில்லை என்பது ஊரறிந்த விஷயம். அன்று பின்னேரமே முத்தலிப்பிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"கல்யாணம் இல்ல" என்றார் முத்தலிப். "விருந்துக்கு வாங்கின மாட்டை வித்துப்போடு. பந்தலைப் பிரி."

ஆமினா உம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழைப்புச் சொல்லியாகிவிட்டது, தோப்பூரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கியும் விட்டார்கள். ஸல்ஹா குசினி வாசலில் நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு மணிக்கூட்டுக்காக இந்தப் பிள்ளையின் வாழ்க்கை போகப்போகிறதே, அதற்கு என் வாய்தான் காரணமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா, குடுங்க. அது எங்கயும் போகாது."

"அவன் ஆணி அடிச்சு வச்சிருக்கான் மகள்."

"அடிச்சா அடிக்கட்டும். நீங்க குடுங்க."

அவள் என்ன நினைத்துச் சொன்னாள் என்று முத்தலிப்புக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. ஆனால் மகள் கண்ணைப் பார்த்த பிறகு அந்த மனிதரால் மறுக்க முடியவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் துறை கடந்து வந்து இறங்கினார்கள். முத்தலிப் டின்னைத் திறந்து, மணிக்கூட்டில் ஒட்டியிருந்த ஒரு அரிசியைத் தட்டிவிட்டு, அன்ஸாரின் கையில் கட்டினார். கட்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை. அலியார் மடியிலிருந்து ஒரு வெறும் வெல்வெட் பெட்டியை எடுத்துக்கொண்டு மகன் பக்கம் சாய்ந்தார்.

"மகன், தொழுகைக்கு ஒளுச் செய்யக்குள்ள தண்ணியில நனையும். கழட்டித் தா."

"ஒளுவோடதான் வந்தனான் வாப்பா" என்றான் அன்ஸார்.

"வேர்வை படும்."

"நிக்காஹ் முடியட்டும்."

அலியார் பெட்டியைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டார்.

பெண்ணிடம் சம்மதம் கேட்க முத்தலிப்பும் நானும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போனோம். ஸல்ஹா அறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். முத்தலிப் முறைப்படி கேட்டார். அவள் "சம்மதம்" என்றாள்.

"மஹர் நூற்றியொண்டு எண்டு போடுங்க லெப்பை" என்றார் முத்தலிப், பழக்கதோசத்தில்.

"இல்ல வாப்பா" என்றது திரை.

என் பேனை நின்றது. அதுவரை எந்த நிக்காஹிலும் திரை பேசி நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ளைட கையில கட்டியிருக்கிற மணிக்கூடு. அது மட்டும் போதும்."

நான் சபைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது அலியார் எழுந்துவிட்டார். வெல்வெட் பெட்டி கீழே விழுந்தது.

"அது எங்கட மணிக்கூடு."

"ஆருக்குக் கட்டினது?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு."

"அப்ப மாப்பிள்ளைக்குச் சொந்தம். மாப்பிள்ளையைக் கேப்பம். தம்பி, பெண் கேட்கிற மஹர் உங்களுக்குச் சம்மதமா?"

அன்ஸார் கையைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான். பொடியன் வாப்பாவுக்குப் பயந்தவன் என்று எனக்குத் தெரியும். இங்கே அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டால், திரைக்குப் பின்னால் இருக்கிறவள் எப்படிப்பட்டவனோடு வாழப்போகிறாள் என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.

"சம்மதம்" என்றான். பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி மிக மரியாதையாகச் சொன்னான்: "எனக்குத்தான் நீங்க வேற ஒண்டு வாங்கி வச்சிருக்கிறீங்களே வாப்பா."

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அலியார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் 'கைமணிக்கூடு ஒன்று' என்று எழுதினேன். அடையாளம் எழுதாவிட்டால் பிறகு வழக்கு வரும். "பின்பக்கம் இலக்கம் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். மணிக்கூட்டைக் கழற்றாமலே முத்தலிப் இலக்கத்தைச் சொன்னார். அதே நேரத்தில் அலியாரும் சொன்னார். ஓரெழுத்துப் பிசகாமல் இருவர் வாயிலும் ஒரே இலக்கம். அலியார் அதைப் பதினேழு வருடத்துக்கு முன் ஜெற்றியில் ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்ததோடு சரி. அப்போதுதான் அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது.

மறுநாள் காலை முத்தலிப் முகமெல்லாம் பல்லாக, அரிசி டின்னோடு மகளின் அறை வாசலில் போய் நின்றாராம்.

"வெற்றி மகள். தா, உள்ள வைப்பம்."

"என்னத்த?"

"மணிக்கூட்ட."

"அது என்ட மஹர் வாப்பா" என்றாள் ஸல்ஹா. "நீங்க அரிசிக்குள்ள புதைப்பீங்க. மாமா ஆணியில தொங்கவிடுவார். மணிக்கூடு எண்டா நேரம் பாக்கத்தானே." சொல்லிவிட்டு அதைக் கையில் கட்டிக்கொண்டு மீன் கழுவப் போனாள்.

முத்தலிப் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு றுக்கியா ஓடிவந்தாள். செய்தி துறை கடந்து அன்று மத்தியானமே அலியாருக்கும் போய்விட்டது. அடுத்த வள்ளத்தில் வந்து இறங்கினார். பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து, ஒரே குரலில் மன்றாடினார்கள்: "மீன் கழுவக்குள்ளயாவது கழட்டு மகள்."

அதற்கு மட்டும் ஸல்ஹா இரங்கினாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தால் சாவி கொடுக்கத் தருவாளாம். ஒரு கிழமை வாப்பா, ஒரு கிழமை மாமா.

அதன்பிறகு காவின் புத்தகமே மாறிவிட்டது. போன மாதம் பல்கீஸ் என்றொரு பிள்ளை தையல் மெஷின் கேட்டாள். அதற்கு முதல் ஒருத்தி பால்மாடு கேட்டாள். மாடு எத்தனை ஈற்று என்று எழுதத் தெரியாமல் நான் முழித்தேன். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம்.

அலியாரின் பன்னிரண்டாவது ஆணியில் இப்போது அந்தப் பெட்டிக்கடை மணிக்கூடு தொங்குகிறது. அன்ஸாரின் கையில் அது ஒரு மாதம்கூட ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அலியாருடைய முறை. அவர் சாவி திருகத் திருக, முத்தலிப் குனிந்து நின்று, "மெல்ல, மெல்ல, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அலியார் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு தானாகவே முத்தலிப்பின் காதுக்கும் நீட்டினார். இரண்டு கிழவர்களும் தலையோடு தலை முட்ட அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அஸர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மணிக்கூடு அலியாரின் உள்ளங்கையில் இருந்தது. அதன் இலக்கம் தெரியும், கம்பனி தெரியும், அம்புக்குறியின் நீளம் தெரியும். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இருவருக்கும் இல்லை.

"மகள்" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்கள். "நேரம் என்ன?"

ஸல்ஹா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமனாரிடமிருந்து மணிக்கூட்டை வாங்கித் தன் கையில் கட்டினாள். பிறகு பார்த்துச் சொன்னாள்.