ஜெனிஸின் அப்பா இருமினார்

வெலிங்டனிலிருந்து சோலூர் அரசுப் பள்ளிக்கு ஷைனா இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பி.எட். படிப்பின் கடைசிக் கட்டமான கற்பித்தல் பயிற்சி அது. பாடம் நடத்துவதோடு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை ஒரு வலைப்பூவில் ஏற்ற வேண்டும். வாராவாரம் தன் அனுபவத்தையும் அதில் எழுத வேண்டும். அந்த அனுபவத்தைச் சில வாரங்களாக ஏஐதான் எழுதிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதற்குமேல் தெம்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு பிள்ளைகளின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தச் சொல்லி ஏஐயிடம் கொடுத்தாள். வந்ததைப் படிக்காமலே வலைப்பூவில் ஏற்றிவிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் ஜெனிஸ் வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண்.

"டீச்சர், அது நான் எழுதுனது இல்லீங்க."

"உன் பேர்லதானே போட்டிருக்கேன்?"

"பேரு என்துதானுங்க. ஆனா அப்பா துணிச்சலா வெரட்டுனாருன்னு போட்டிருக்குது. எங்கப்பாவுக்குத் துணிச்சலே இல்லீங்க. படிச்சுக் காட்டுனேன். யாரைப் பத்தி எழுதியிருக்கேன்னு கேக்கறாருங்க."

ஷைனா போனை எடுத்துப் பார்த்தாள். 'என் தந்தையின் அயராத துணிச்சலின் முன் காட்டெருமை பின்வாங்கியது' என்றிருந்தது. பையிலிருந்து ஜெனிஸின் தாளை எடுத்தாள். 'கேரட் தோட்டத்தில் காட்டெருமை வந்தது. அப்பா பயந்து தகரத்தைத் தட்டினார். அது போகவில்லை. அப்பாவுக்கு இறுமல் வந்தது. அது போய்விட்டது.'

ஷைனாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் சுட்டது. தட்டச்சு செய்தபோது இந்த வரிகள் கண்ணில்பட்டும் மனதில் பதியவே இல்லை.

"தப்பு என்மேலதான் ஜெனிஸ். உன்துதான் நல்லா இருக்கு. அதையே போட்டுடலாமா?"

"தப்பிருந்தா எல்லாரும் சிரிப்பாங்களே டீச்சர்?"

"ஒரு எழுத்துதான் தப்பு. வா, நீயே மாத்து."

ஜெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்து 'இறுமல்' என்பதை 'இருமல்' என்று மாற்றினாள். வேறு எதையும் இருவரும் தொடவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் பிராங்ளின் போனில் கூப்பிட்டார். "முன்னாடி இருந்தது நல்லா இருந்துச்சேம்மா. ஏன் மாத்துன?"

"அது அந்தப் பொண்ணு எழுதுனது இல்லீங்க சார்."

"வெளியில பாக்கறவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? மார்க் போடறப்ப நான் எதைப் பாக்கறது?"

பிறகு அவரே "சரிம்மா, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மற்ற ஐந்து பேரையும் அழைத்து, அவர்கள் எழுதியதையும் பழையபடி மாற்றிவிடலாமா என்று கேட்டாள். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாங்க டீச்சர்," என்றான் வினோத். "இப்பத்தான் புக்குல வர்ற மாதிரி இருக்குது. எங்கம்மா எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று ஷைனாவுக்குத் தெரியவில்லை. வினோத்தின் தாளைத் தேடி எடுத்தாள்.

"உக்காரு. நீ எழுதுனதை ஒருதரம் சத்தமாப் படி. நான் கேக்கறேன்."