சத்தம் கூடாத வீடு

"கொஞ்சம் கால தூக்கிப் புடி," என்றான் யோஸ்.

வில்மா மைத்துனனின் குதிகாலைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. யோஸ் தன் அண்ணனின் கெண்டைக்காலில் சோப்பு நுரையைத் தடவினான். சைக்கிள் பந்தயக்காரர்கள் கால் முடியை மழிப்பது வழக்கம்; குளிர்காலம் முழுக்க நீளக் காலுடையில் பயிற்சி ஓட்டியதால் லாம்பேர்ட் கால்களைச் சவரம் செய்யாமல் விட்டிருந்தான்.

"சவப்பெட்டிய மூடப் போறாங்க. யாரு பாக்கப் போறா?" என்றாள் வில்மா.

"நம்ம குழு பசங்கதான தூக்குறாங்க. கரடிக் காலோட அவங்க தோள்ல போவானா?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. தெருப் பக்கம் திரை இழுத்திருந்த அந்த முன்னறையில் கத்தி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

சுவரில் லாம்பேர்ட் ஜெயித்த ஒரே பந்தயத்தின் புகைப்படம் தொங்கியது. மற்ற நாளெல்லாம் குழுத் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தே மலை ஏறியவன். பெல்ஜியத்தில் கல் பாவிய சாலையில், மழையில், அன்று ஒரு நாள் யாருக்காகவும் நிற்கவில்லை. படத்தில் முகமெல்லாம் சேறு.

"அந்தப் படத்துல பல்ல வச்சுத்தான் எம்புள்ளன்னு கண்டுபுடிச்சேன்," என்றாள் சிஸ்கா, வாசலில் நின்றபடி. பிறகு மகனின் மழித்த காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயிற்சி முடிச்சு வந்து மத்தியானம் படுத்தான். நான் காலிங்பெல்லுல துணியச் சுத்தி வச்சேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கள விரட்டுனேன். சூப்பு ஆறிப்போச்சு. அப்பவும் எழுப்பல."

இரண்டு பந்தயக்காரர்களை வளர்த்த வீடு அது. பந்தயக்காரன் தூங்கினால் அங்கே கரண்டிகூட விழக் கூடாது.

"இதயம் நின்னா நீ என்னம்மா பண்ணுவ?" என்றான் யோஸ்.

இருபத்தேழு வயதில் எப்படி நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. நேற்று வில்மா பன்றி இறைச்சியை வைக்க இந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்கியபோது, பாலுக்குப் பின்னால் சின்ன பிளாஸ்க் ஒன்று இருந்தது. திறந்தாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே சிறு கண்ணாடி ஊசிமருந்துக் குப்பிகள். என்ன இது என்று கேட்க வாயெடுப்பதற்குள் சிஸ்கா அதை வாங்கித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதே பிளாஸ்க் வில்மாவின் வீட்டிலும் இருக்கிறது. "வைட்டமின். குழு டாக்டர் எல்லாருக்கும்தான் குடுக்குறாரு," என்று யோஸ் சொல்லியிருந்தான். நேற்றுவரை அவளும் நம்பியிருந்தாள்.

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் காபியும் இறைச்சி வைத்த ரொட்டியும் சாப்பிட்டு, பழைய பந்தயங்களைப் பேசிக் கலைந்தார்கள். யோஸ் சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

வில்மா அருகில் உட்கார்ந்தாள். அவன் மார்பு அசைகிறதா என்று தெரியவில்லை. பயத்தில் அவன் மணிக்கட்டைத் தொட்டாள். ஒரு துடிப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தாள். தினமும் காலையில் தன் நாடி எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று அவன் பெருமையடிப்பது நினைவுக்கு வந்தது. லாம்பேர்ட்டும் இப்படித் தூங்கப் போனவன்தான். பிறகு, வேண்டா வெறுப்பாக வந்ததுபோல, இன்னொரு துடிப்பு.

நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் சிஸ்கா நின்றுகொண்டிருந்தாள். மாமியாரின் கண் மருமகளின் விரல்களின் மேல் இருந்தது.

சிஸ்கா உள்ளே போனாள். அடுத்த நொடி பெரிய வாணலி தரையில் விழுந்து வீடே அதிர்ந்தது.

யோஸ் துள்ளி எழுந்தான். "அம்மா! தூங்குறேன்ல?"

"தூங்குனது போதும். வந்து தட்டத் தொடச்சு வை."

"இப்பவா? கால் வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். வாடா."

முணுமுணுத்துக்கொண்டே போய்த் துண்டை எடுத்தான். சிஸ்கா கழுவிக் கழுவிக் கொடுத்தாள். அவன் கொட்டாவி விட்டபடி துடைத்தான். குவியல் சீக்கிரமே குறைந்தது; தீர்ந்தால் அவன் மறுபடி படுக்கப் போய்விடுவான்.

வில்மா அவன் முதுகுப் பக்கமாக வந்து, அவன் துடைத்து அடுக்கிய தட்டுகளை எடுத்துச் சத்தமில்லாமல் திரும்பவும் சோப்புத் தண்ணீருக்குள் இறக்கினாள். சிஸ்கா அவற்றை மறுபடி கழுவத் தொடங்கினாள்.