லைன் என்ற சொல்லும் நல்லம்மாக்காவின் கேனும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் புருசன் பிள்ளை மடுவத்துக் கரும்பலகையில் 'லைன்' என்று இங்கிலீசில் ஒற்றைச் சொல்லை எழுதினார். எழுதிவிட்டு, அந்தச் சொல்லைப் பெற்று வளர்த்ததே தான்தான் என்பதுபோல இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற மடுவம் அது. ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும். தோட்ட ஆபீசில் கெஞ்சிச் சாவி வாங்கி, தொட்டில் கயிறுகளை மேலே தூக்கிக் கட்டி, உட்காருகிற வாங்குகளைத் துடைத்துப் போட்டதெல்லாம் நான். சொல் மட்டும் அவருடையது.

ஜீவன் ஒன்பது வருசமாகக் கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக் கடையில் நின்றவர். வெள்ளைக்காரர்களுக்குத் துணி காட்டிக் காட்டியும், அட்டை போன ஒரு தடித்த அகராதியைப் படித்துப் படித்தும் இங்கிலீசு பழகிக்கொண்டார். தீபாவளிக்கு ஒரு தடவை, கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வருவார். எனக்கு அந்தப் பிழைப்பு வெறுத்துப்போயிருந்தது. இந்த முறை வந்தவர், "இங்கேயே கிளாஸ் வைக்கப் போறேன் சுபா" என்றார். கடை முதலாளி றஹீம் நானாவோ போனில், "செவ்வாக்கிழம கடைக்கி வா தம்பி, இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும்" என்று முடித்துவிட்டார். ஆகவே இன்றைய வகுப்புக்குப் பிள்ளைகள் சேர்ந்தால் என் புருசன் என்னோடு இருப்பார். சேராவிட்டால் திங்கட்கிழமை விடிய பதுளைக்குப் போய்க் கொழும்பு பஸ் ஏறுவார்.

பிள்ளைகள் முன்னால், அம்மாமார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. ஜீவன் தொண்டையைச் செருமினார். "இடம் கொஞ்சந்தான் இருக்கு. முந்திக்கிறவங்களுக்குத்தான்." ஒரு பிள்ளைகூட இன்னும் சேரவில்லை. புடவைக் கடைப் புத்தி எங்கே போகும்?

"லைன்னா என்னா?" என்று கேட்டார்.

"இதென்னா கேள்வி மாஸ்டரு? நம்ம குடியிருக்கிறது" என்றார் அடுத்த வீட்டு நல்லம்மாக்கா. அவருடைய பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்.

"அது ஒரு அர்த்தம். இன்னும் எத்தனை இருக்கு தெரியுமா?" டெலிபோன் லைன், கரண்டு லைன், ரயில் ஓடுகிற லைன், உள்ளங்கையில் இருக்கிற ரேகை, மீன் பிடிக்கிற தூண்டில் கயிறு, நாடகத்தில் ஒருத்தர் பேசுகிற வசனம், பாட்டில் ஒரு அடி, ஒரு குடும்பத்தின் வம்சம், ஒருத்தர் செய்கிற தொழில் என்று அடுக்கிக்கொண்டே போனார். "எல்லாத்துக்கும் வேர் ஒண்ணு. ஆளின்னு ஒரு செடி. அதுல நூல் எடுப்பாங்க. அந்த நூலுக்கு லத்தீன்ல இருந்த பேருதான் இது. நூலைப் பிடிச்சு நேரா கோடு போட்டாங்க, கோட்டுக்கும் அதே பேராச்சு. அப்புறம் கோடு மாதிரி நேரா இருக்கிறதுக்கெல்லாம் அந்தப் பேரு. வெள்ளக்காரன் நம்மளுக்கு வீட்ட ஒட்டி ஒட்டி நேராக் கட்டினான். அவன் லைன்னான், நம்ம லயம்னோம்."

றீட்டா விடவில்லை. மகள் அஞ்சலினை முன்வாங்கில் உட்காரவைத்திருந்தவள் அவள். "குதிரை கட்ற லாயந்தான் லயமாச்சுன்னு எங்க சித்தப்பா சொல்வாரே?"

"அப்பிடியும் சொல்றவங்க இருக்காங்க."

"ஐயே! அப்ப நாங்க என்னா குதிரையா?" என்று நல்லம்மாக்கா எழும்பினார். "செடியில இருந்து வந்ததாவே இருக்கட்டும் மாஸ்டரு. குதிரை வேணாம்."

மடுவமே சிரித்தது. ஆனால் தூண்டில் கயிறு இரண்டாம் முறை வந்தபோது அம்மாமார் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். இது சரிப்படாது என்று அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் அந்த மனுசன் அந்தக் காரியத்தைச் செய்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கச்சான் என்கிற வறட்டுக் காற்று அடிக்கிற மாசங்களில் எங்கள் பீலியில், லயத்துக்கே பொதுவான அந்த ஒற்றைக் குழாயில், தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். மேலே தொட்டியடியில் தண்ணீர் திறக்கிற றொனி குழாயைத் திறந்துவிட்டுக் கூப்பாடு போடுவான். அதுவரை நாங்கள் யாரும் பீலியடியில் நிற்பதில்லை. எங்களுக்குப் பதிலாக எங்கள் பாத்திரம் நிற்கும். விடியவே கேனையோ வாளியையோ வரிசையில் வைத்து, காற்றுக்குப் போகாமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். ஜென்மப் பகையாளி என்றாலும் அடுத்தவள் பாத்திரத்தில் கைவைக்க மாட்டாள். ஒரு தடவை மாடு ஒன்று வாளியைத் தட்டிவிட்டதற்கு மாட்டுக்காரரோடு லயமே பேசாமல் இருந்தது.

தேத்தண்ணி குடித்துவிட்டு உள்ளே வந்தோம். பீலியடிப் பாத்திரங்கள் முழுக்க மடுவத்துக்குள் இருந்தன. கற்கள் வாசலில் குவிந்து கிடந்தன. ஜீவன் நடுவில் நின்று, கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்று, கேனையும் வாளியையும் முன்னுக்கு, பின்னுக்கு, நடுவுக்கு என்று மாற்றி மாற்றி வைத்து இங்கிலீசு படிப்பித்துக்கொண்டிருந்தார்.

அடி ஆத்தி என்று நான் வாயில் கைவைக்கவும், மேலேயிருந்து றொனியின் குரல் கேட்டது. "தண்ணி வந்திருச்சோய்!"

பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு ஓடினோம். "என் மஞ்சக் கேனுதான் முன்னுக்கு நின்னுச்சு!" என்று நல்லம்மாக்கா கத்தினார். "எந்த ஊரு நியாயம்க்கா? என் வாளிக்குப் பொறகுதான் உங்க கேனு!" என்று றீட்டா குழாயை மறித்தாள். தண்ணீர் யாருக்கும் இல்லாமல் கான் வாய்க்காலில் ஓடியது. ஜீவன் கையைத் தூக்கி, "நான் வந்து, இங்கிலீஸ்ல..." என்றார்.

"உங்க இங்கிலீஸ்ல தீய வைக்க!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

அப்போது அஞ்சலின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "நல்லம்மாஸ் கேன் இஸ் பிஃபோர் றீட்டாஸ் பக்கெட்!" வரிசையைக் கலைப்பதற்கு முன்னால் ஜீவன் சொல்லிக்கொடுத்த முதல் வசனம் அதுதானாம். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். யாருடைய குடம் யாருடைய குடத்துக்குப் பின்னால் என்று கடைசிப் பாத்திரம் வரைக்கும் பாட்டாகவே படித்தார்கள். றீட்டா மகளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"என்னா சொல்லுது புள்ள?" என்று கேட்டார் நல்லம்மாக்கா.

"ஒங்க கேனுதான் முன்னுக்குன்னு சொல்றா" என்றார் ஜீவன்.

"எம் பேரு வருதே! இன்னொருக்கா சொல்லு தாயி." தண்ணீர் ஓட ஓட இன்னொருக்கா சொல்லவைத்துக் கேட்ட பிறகுதான் கேனைக் குழாயில் பிடித்தார்.

எங்கள் முறை வருவதற்குள் குழாய் காற்றுதான் விட்டது. எல்லாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வகுப்புக்கு ஒருத்தர்கூடப் பிள்ளையின் பேரைக் கொடுக்கவில்லை. நல்லம்மாக்கா மட்டும் நின்று, "கொழும்புலயே இருந்து ஒங்களுக்கு நம்ம வழக்கமே மறந்துபோச்சு மாஸ்டரு" என்றார். திட்டியிருந்தால்கூட ஜீவன் தாங்கியிருப்பார். அவர் முகம் செத்துப்போயிற்று.

பின்னேரம் அலுமாரிக்கு மேலிருந்து பையை இறக்கினார். "நூல்னு சொன்னது வரைக்கும் நல்லாத்தானே கேட்டாங்க, சுபா?"

"ஒங்கள யாரு அந்தக் கேனத் தூக்கச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அகராதியை அவர் பையில் வைக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை விடிய, அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் முன்கதவைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றேன். எங்கள் வாசற்படியை ஒட்டி, முற்றத்தைத் தாண்டிக் கான் வரைக்கும், விளிம்பு உடைந்த வாளி, கைப்பிடி இல்லாத சட்டி, அஞ்சலினின் தண்ணீர்ப் போத்தல், மூடி போன சாப்பாட்டுப் பெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கல், போத்தலுக்கு மட்டும் இரண்டு பக்கமும் முட்டுக் கல். எல்லாவற்றுக்கும் முன்னால், படியை அடைத்துக்கொண்டு, நல்லம்மாக்காவின் மஞ்சள் கேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நல்லம்மாக்கா கொழுந்துக்கூடையோடு வெளியே வந்தார். "வேலைக்குப் போறோம், பின்னேரந்தான் கிளாசுக்கு வருவோம். மாஸ்டருகிட்டச் சொல்லு, அந்தச் செடியில இருந்து மத்ததையும் சொல்லி முடிக்கட்டும். இடம் கொஞ்சந்தான்னாரே!"

ஜீவன் பையோடு கதவடிக்கு வந்தார். குனிந்து கேனின் பிடியில் கையை வைக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றேன்.

கையை இழுத்துக்கொண்டார். வெளியே போக வேறு வழியில்லை. ஒரு காற்று வந்து வரிசை முழுக்கத் தடதடவென்று ஆட்டிப் பார்த்தது. கற்கள் உள்ளே உருண்டு சத்தம் போட்டன, பாத்திரம் ஒன்றும் நகரவில்லை. அவர் பையைக் கையில் பிடித்தபடி கதவுநிலைக்குள்ளேயே நின்றார்.