ஒன்பதாம் தறிக்காரி சொன்ன சாட்சி

தார்க்குச்சிகளில் தறிக்கு நூல் சுற்றும் மிஷினில் இழை அறுந்தது. பேச்சித்தாய் கையை நீட்டி அறுந்த நுனியைத் தேடினாள். நுனி கிடந்த இடம் ஒன்று, விரல் போய் நின்ற இடம் ஒன்று. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கை எப்போதும் ஒரு விரற்கடை முன்னேயோ பின்னேயோதான் போய் நிற்கும். மூன்றாம் தடவை நூல் விரலில் தட்டுப்பட்டது. எச்சில் தொட்டு முறுக்கி முடிந்து மிஷினை மறுபடி ஓடவிட்டாள்.

ஷெட்டில் பதினெட்டுத் தறிகள். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டால் அங்கே பேச்சு என்பது காதுக்குள் வாயை வைத்துக் கத்துவதுதான். சித்திரை மாதம் வரைக்கும் பேச்சித்தாய் ஒன்பதாம் தறிக்காரி. குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பறக்கிற வேகத்தில் தறியை விட்டு வெளியே பாயாதபடி குறுக்கே ஒரு கம்பி உண்டு. ஒன்பதாம் தறியில் அந்தக் கம்பி வெல்டிங் விட்டு விழுந்து பதினோரு நாளாகியிருந்தது. முதலாளி சுடலைராஜிடம் இரண்டு தடவை சொன்னாள்.

"முகூர்த்த ஆர்டர் முடியட்டும் தாயி. நீ ஓட்டு. கர்த்தர் பாத்துக்கிடுவாரு," என்றார் அவர்.

பன்னிரண்டாம் நாள் நாடா பாய்ந்தது. அதன் இரும்புக் கூர் வலது கண்ணில் இறங்கியது. மறுநாளே கம்பிக்கு வெல்டிங் வைத்துப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள்.

போன கண் போனதுதான். ஆனால் மதுரையில் பார்த்த டாக்டரம்மா வேறொன்று சொன்னாள். அடிபட்ட கண் கூடப் பிறந்த கண்ணையும் கெடுக்கும். சீக்கிரம் ஒரு ஆபரேஷன் செய்யவேண்டும், அதன் பிறகு ஒரு வருஷம் விடாமல் மருந்து. இல்லாவிட்டால் இடது கண்ணும் மங்கிவிடும். கம்பியில்லாத தறியை ஓட்டச் சொன்னது முதலாளிதான் என்று தொழிலாளர் ஆபீஸ் விசாரணையில் எழுதிவிட்டால் வைத்தியம் முழுக்க அவர் பொறுப்பு. விசைத்தறிச் சங்கத்து முகம்மது சாதிக் மனுவை எழுதி, அவளுடைய கையெழுத்துக்காக இரண்டு வாரமாக அலைந்துகொண்டிருந்தான்.

"பேச்சியக்கா, கையெழுத்தைப் போடு. உனக்கு என்ன யோசனை?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன் சாதிக்கு."

"ரெண்டு வாரமாவா? நான் அஞ்சு வேளை தொழுதுட்டுத்தான் ஆபீசுக்கும் போறேன்."

அவள் சிரித்தாள். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

அவளுக்கு யோசனை இருந்தது. சுடலைராஜ் வெறும் முதலாளி இல்லை. ஜெபவீட்டில் மூப்பர். புருஷன் செத்த வருஷம் பேச்சித்தாய் அங்கே போக ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அங்கேதான். பத்து வருஷமாக, உலை வைப்பதற்கு முன்னால் வேதத்தை விரித்து வரிக்கு அடியில் விரலை ஓட்டி அரை அதிகாரமாவது வாசிக்காமல் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கண் போன பிறகும் அதை விடவில்லை. இப்போது எழுத்துகள் ஈ மாதிரி நகர்ந்தன, அவ்வளவுதான். கூடக் கும்பிடுகிற ஒரு விசுவாசியின் மேல் மனுப் போடலாமா? அதுதான் அவள் கேள்வி. முழங்காலில் நின்று, "வழி காட்டும் ஆண்டவரே," என்று தினம் கேட்டாள். பதில் வரவில்லை. ஆகவே பாஸ்டரிடம் போனாள்.

பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். கையில் சென்ட் வாசனை. "தேவ சித்தம் தெரியாம ஒரு அடி வைக்கக் கூடாது சகோதரி. மூணு நாள் உபவாசம் இருங்க. நானும் உங்களோட இருக்கேன். ஞாயித்துக்கிழமை சபை நடுவுல சாட்சி சொல்லுங்க. நன்றி சொல்லுத வாய்க்குத்தான் வழி திறக்கும்."

மூன்று நாள் அவள் வெறும் தண்ணீரோடு தார் சுற்றினாள். வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா சாட்சியைச் சரிபார்க்க வீட்டுக்கே வந்தாள். ஜெபவீட்டில் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் தன் பாவம், பிறகு கர்த்தர் செய்த நன்மை, கடைசியில் துதி. தன்னை எவ்வளவு தாழ்த்துகிறார்களோ அவ்வளவுக்கு ஸ்தோத்திரம் எழும்பும். ஒருநாள் பீடி குடித்தவன் கஞ்சா குடித்தேன் என்பான், சபை அழும். அதை யாரும் பொய்யாக எடுப்பதில்லை.

"கம்பி இல்லன்னு தெரியும்லா உனக்கு?" என்றாள் பாஸ்டரம்மா.

"தெரியும்மா. முதலாளி அண்ணாச்சிகிட்ட ரெண்டு தடவ..."

"அதை விடு. சாட்சியில சகோதரன் மேல குத்தம் வைக்கக் கூடாது. உன் தப்பை மட்டும் சொல்லு. ஓட்டாதேன்னு கர்த்தர் உன் உள்ளத்துல பேசியிருப்பாரே?"

"அப்படி ஒண்ணும் கேக்கலியே."

"நல்லா யோசிச்சுப் பாருட்டி. பேசாம இருக்க மாட்டாரு. நீ கவனிச்சிருக்க மாட்ட."

பேச்சித்தாய் யோசித்தாள். பசியில் காது அடைத்திருந்தது. தறியை ஓட்டுமுன் நெஞ்சு ஒரு தரம் படபடத்தது உண்மைதான். அதுதானோ? யோசிக்க யோசிக்க, அதுதான் என்று ஆகிவிட்டது.

மகள் அபிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறவள். பாஸ்டரம்மா தெரு முக்குத் தாண்டியதும், "கம்பியை வைக்காதவரு மேடையில உக்காந்திருப்பாரு. கண்ணு போனவ பாவத்தை அறிக்கையிடணும். நல்லாருக்கும்மா உங்க முறை," என்றாள்.

"வாயை மூடுட்டி. ஆண்டவரு வழியைத் திறக்கப் போறாரு. நடுவுல நீ நிக்காத."

ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முந்திப் பேசியவரின் வெற்றிலை எச்சில் வாடை அதில் அடித்தது. எதிரே கம்பத்தில் மாட்டிய செல்போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "நான் துணி நிறைய நெய்து இறக்கணும்னு ஆசைப்பட்டவ," என்று ஆரம்பித்தாள். "கம்பி இல்லன்னு எனக்குத் தெரியும். ஓட்டாதே, ஓட்டாதேன்னு ஒரு சத்தம் எனக்குச் சொல்லிச்சு. நான் கீழ்ப்படியல. என் மீறுதலுக்கு ஒரு கண்ணை எடுத்துக்கிட்டு, கிருபையா ஒரு கண்ணை எனக்கு வச்சிருக்காரு." சபை ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முழங்கியது. சுடலைராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவளுக்கு உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே சாதிக்கைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நெஞ்சில் ஒரு சமாதானம் வந்திருந்தது. அதைத்தான் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

விசாரணை இருபது நாள் கழித்து நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் சுடலைராஜும் அவருடைய வக்கீலும். சாதிக் பேச்சித்தாய்க்குப் பின்னால் நின்றான். கம்பி விழுந்தது, சொன்னது, அவர் ஓட்டச் சொன்னது எல்லாவற்றையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டு வந்தார்.

வக்கீல் செல்போனை மேஜையில் வைத்துத் தட்டினார்.

அவளுடைய குரல்தான். கம்பி இல்லன்னு எனக்குத் தெரியும். ஓட்டாதே, ஓட்டாதேன்னு ஒரு சத்தம் எனக்குச் சொல்லிச்சு. நான் கீழ்ப்படியல. பின்னால் சபையின் ஸ்தோத்திரம் அலை அலையாக வந்தது. வெளியே நின்ற பியூன் யாரோ பாட்டுப் போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தான்.

"ஓட்டாதேன்னு சொன்னது நான்தான் சார்," என்றார் சுடலைராஜ். குரல் தேன் மாதிரி இருந்தது. "கம்பி சரியாகுத வரைக்கும் அந்தத் தறியைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல. அவளே ஒத்துக்கிட்டதுதான் இது. எங்க பாஸ்டரே அனுப்புனாரு, தேதி நேரத்தோட. எனக்கு இந்தத் தாய் மேல கோவம் இல்ல சார். ஜெபத்துலதான் வச்சிருக்கேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க குரலாம்மா?"

"ஆமா சார். ஆனா அது சபையில சொன்னது. அங்க அப்படித்தான் சொல்லணும்."

"ஓட்டாதேன்னு சொன்னது யாரு?"

"கர்த்தர், சார்."

வக்கீல் குனிந்து பேப்பரைப் புரட்டினார். அவர் தோள் குலுங்கியது.

"உங்க காதுல விழுந்துச்சா?"

"காதுல இல்ல. உள்ளுக்குள்ள... இல்ல சார், அப்படிக்கூட இல்ல. விழுந்திருக்கும்னு சொன்னாங்க."

"அப்ப கோயில்ல நின்னு பொய் சொன்னீங்களா?"

ஆமாம் என்றால் ஆண்டவர் சமுகத்தில் பொய் சொன்னவள். இல்லை என்றால் கண் போன பழி அவள் தலையில். சாதிக், "சார், அவங்க வழக்கம் அப்படி..." என்று ஆரம்பித்தான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளியின் எச்சரிக்கையை மீறி ஓட்டியதாகத் தொழிலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். கோரிக்கைக்கு இடமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் குரலே காதுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்தவன் இலையிலிருந்து எடுத்த சோற்றைத் தன் வாயில் வைத்துவிட்ட மாதிரி ஒரு அருவருப்பு. ரயில்வே கேட் திறக்கக் காத்து நிற்கையில் பக்கத்தில் இருந்த பூக்காரி, "மயக்கமாக்கா? இந்தா மோந்து பாரு," என்று கூடையிலிருந்து பிச்சிப்பூவைக் கொடுத்தாள். அந்த வாசனை பாஸ்டரின் கைச் சென்ட்டை நினைவுபடுத்தியது. பூவை மடியில் வைத்துக்கொண்டாள், முகரவில்லை.

அந்த வாரம் அவள் ஜெபிக்கவில்லை, வாசித்தாள். பாஸ்டர் சொல்கிற இடத்தை வாசிக்காமல், கை போன இடத்தைத் திருப்பி, எழுத்து நகர்ந்தாலும் விடாமல் வாசித்தாள். புதன்கிழமை காலை, ஏழை ஒருவனின் திராட்சைத் தோட்டத்தை ராஜா விரும்பின கதைக்கு வந்தாள். கதை முன்பே கேட்டதுதான். ராணி பொய்ச்சாட்சி வைத்து அந்த மனிதனைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறாள். ஆனால் அந்த ராணி முதலில் என்ன செய்தாள் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் பேச்சித்தாய் கேட்டதில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்து நான்கு தரம் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

"ஏட்டி அபிதா, இங்கன வா. இந்த வரியை வாசி. என் கண்ணு தப்பா படிக்குதான்னு பாரு."

அபிதா குனிந்து பார்த்தாள். "ஊருக்கெல்லாம் உபவாசம் இருங்கன்னு சொல்லுதாம்மா அந்த ராணி. அதுக்கப்புறம்தான் சாட்சிக்கு ஆள் வைக்குதா."

பேச்சித்தாய் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அபிதா வைத்திருந்த உலை கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. அபிதா எழுந்து போய்ப் பானையை இறக்கினாள்.

"இனிமே ஜெபவீட்டுக்குப் போக மாட்டேல்ல?"

"போவேன்."

"உனக்குக் கிறுக்காம்மா?"

"அது அந்த முதலாளி அப்பன் வீடா?" என்றாள் பேச்சித்தாய். புத்தகத்தை மூடாமல், விரித்தபடியே மடியில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜ் சாட்சி சொன்னார். தன் தகுதியின்மையை முதலில் சொன்னார். வேதத்தில் எழுதியபடியே, தனக்கு விரோதமாக எழும்பின ஒரு ஆயுதமும் பலிக்கவில்லை என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. வாசலில் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் வந்து இறங்கியிருந்தது. அதன் மணம் பாட்டுக்கு நடுவே உள்ளே வந்தது. பாய்களில் ஷெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ்டர் மைக்கை எடுத்தார். "கர்த்தர் இன்னைக்கு ஒப்புரவாகுத சமாதானத்தைத் தாராரு. சகோதரி பேச்சித்தாய் முன்னால வாங்க. அண்ணனோட தொழிலுக்காக, ஷெட்டுக்காக நீங்களே ஒரு வார்த்தை ஜெபிங்க. சபையார் எல்லாரும் கண்களை மூடுவோம்."

அவள் எழுந்து போனாள். மைக்கைக் கையில் திணித்தார்கள். சுடலைராஜ் அவளுக்கு எதிரே முழங்காலிட்டுக் கைகளை விரித்தார். தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. பாஸ்டரம்மா முக்காட்டை இழுத்துவிட்டாள். பாஸ்டர் முகத்தை மேலே தூக்கி இமைகளை இறுக்கிக்கொண்டார். ஷெட்டுப் பெண்கள் பதினோரு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். பஞ்சு ஒட்டிய அவர்கள் இமைமயிர் வெள்ளையாகத் தெரிந்தது.

பேச்சித்தாய் கண்ணை மூடவில்லை. வாயையும் திறக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. யாரோ மெல்ல ஸ்தோத்திரம் என்றார்கள். இன்னொருவர் இருமினார். மைக் அவள் மூச்சை மட்டும் பெரிதாக்கிக் கூடம் முழுக்கக் கொடுத்தது.

நேரம் போனது. விரித்திருந்த சுடலைராஜின் கைகள் வலி தாங்காமல் கொஞ்சம் தாழ்ந்தன. என்ன ஆயிற்று என்று அவர் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.